வளைவு யன்னலும் நானும்

நேற்றுப் பின்னேரம் உன் வீட்டு யன்னலில் கண்ணாடியைப் பிடிக்கும் புட்டி பூச உன் மகளுக்குக் கைகொடுத்தேன். சவுக்காரம் போட்டுக் கழுவியும் அந்த எண்ணெய் மணம் விரல்களை விட்டுப் போகவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம். இதை இப்போதாவது உனக்கு எழுதவேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மல்வேர்னில் ஒரே வீட்டின் பேஸ்மென்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். ஒரே தொழிற்சாலை, ஒரே பஸ். நான்தான் முதலில் வீடு வாங்கினேன்: நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில், புத்தம் புதிது, நாலு அறை. அடுத்த கோடையில் நீ நகரத்துக்குள் ஒரு சின்னப் பழைய செங்கல் வீட்டை வாங்கினாய். கூரையின் நடுவில் கூம்பாக எழும்பிய முகடு, அதன் கீழ் வளைவான ஒற்றை யன்னல், கூரை விளிம்பெங்கும் மரத்தில் வெட்டிய பூவேலை. பழைய கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் தெரு நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். என் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள்கூட உன் வீட்டைப் பற்றித்தான் கதைத்தார்கள். "வீடெண்டால் அதெல்லோ வீடு," என்று என் கணவரே சொன்னார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

அந்தப் பழைய யன்னல் இடுக்குகளால் காற்றுப் புகுந்து முதல் குளிரிலேயே நீ நடுங்கிப்போனாய்.

"உந்த யன்னலுகளைக் கழட்டிப்போட்டு பிளாஸ்டிக் யன்னல் போடப்போறன். பாரம்பரியப் பட்டியலில இருக்கிற வீடாம், சிட்டியிட்டக் கேக்கவேணுமாம். கேக்காமல் செய்தால் என்னடி?"

"ஆர் வந்து பாக்கப்போறாங்கள்? செய்," என்றேன்.

வேலையாட்கள் ஏணி சாத்திய அன்று சிட்டிக்கு, அதுதான் நகரசபைக்கு, போன் பண்ணியது நான்தான். பெயர் சொல்லவில்லை.

பின்னேரம் நீ அழுதபடி அழைத்தாய். "நிப்பாட்டிப்போட்டாங்கள். பழசைத்தான் திருத்தவேணுமாம்."

"ஐயோ, பாவமடி," என்றேன், என் புது வீட்டின் சூட்டில் இருந்துகொண்டு.

இரண்டு மாரி யன்னல்களுக்குப் பொலித்தீன் ஒட்டி, சுவெற்றரோடு படுத்தாய். சனிக்கிழமை வகுப்புக்குப் போய், யன்னல் சட்டம் சுரண்டவும் கண்ணாடி கழற்றவும் நீயே படித்தாய். நீ திருத்திய வளைவு யன்னலைத் தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று உன் மகள் ஏணியில் நின்றபடி சொன்னாள்: "அன்ரி, யூ நோ, ஆரோ சிட்டிக்குக் கம்ப்ளெயின்ற் பண்ணினவையாம். அம்மா கடைசி வரைக்கும் அந்த ஆளுக்குத் தாங்க்ஸ் சொன்னவ. இல்லாட்டித் தன்ர கையாலயே இந்த வீட்டைக் கெடுத்திருப்பாவாம்."

பிடித்திருந்த ஏணியை விட்டுவிட்டேன்.

"கவனம் அன்ரி!" என்று கத்தினாள்.

அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அது நான்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரியும். ஆனால் அதற்கு முன்னால் நிற்பது வேறொன்று. நான் செய்த துரோகத்துக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் வீட்டைப் பார்த்து எரிந்த எரிச்சல் நேற்றோடு ஆறிவிட்டது. இனிமேல் உன் மனதைப் பார்த்துத்தான் எரியப்போகிறேன்.