மகரகம என்று சொன்னதும்

ஒக்டோபர் 12, செவ்வாய்

என் மார்பில் இருக்கும் கட்டி என்ன கட்டி என்று கண்டி டொக்டர் இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "மகரகமவுக்கு எழுதித் தாறன், சுணங்காமல் போங்கோ" என்றார், அவருடைய யாழ்ப்பாணத் தமிழில். அங்கே புற்றுநோய்க்குத்தான் அனுப்புவார்கள் என்று யாருக்குத் தெரியாது? "சும்மா செக் பண்ணத்தான் அனுப்புறாங்க" என்று என் வீட்டுக்காரர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நம்பிக்கொண்டேன்.

பேராதனை செக்பொயின்ட்டில், நாங்கள் வீடு திரும்பிய கலஹா பஸ்ஸை நிறுத்தி, வழக்கம்போல் எல்லோரையும் இறக்கினார்கள். தமிழர் என்றால் எரிந்து விழும் அதே ஆமிக்காரன். போன மாதம் என் பையைத் தரையில் கொட்டினவன். கையிலிருந்த எக்ஸ்ரே உறையைக் காட்டி என்னவென்று கேட்டான். மகரகம போகவேண்டும் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அவன் முகம் மாறிவிட்டது. பையைத் தொடவே இல்லை. "அம்மே" என்று கூப்பிட்டு, வரிசையில் நிற்க வேண்டாம், ஏறி உட்காருங்கள் என்றான். படியில் ஏறக் கையும் கொடுத்தான். அதோடு, இவர் சொன்னதில் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

இவர் தூங்கிவிட்டார். எனக்குக் கண் மூட முடியவில்லை. இன்றைக்கும் அவன் என் பையைக் கொட்டியிருக்கக் கூடாதா?