பின்பக்கத்து இலைத் தொட்டி

ஏட்டி,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓசூரில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பக்கத்துச் சந்தில், எச்சில் இலைத் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். உடம்பில் கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் வங்கி அடையாள அட்டை, தோளில் நல்ல கைப்பை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சாம்பார் சாதப் பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் வைத்து, "காசு வேணாம்மா. இதெல்லாம் தொடாதீங்க" என்றாள். நான் என்னவென்று விளக்குவது? வாங்கிக்கொண்டேன். அதைவிடப் பெரிய கொடுமை, பொட்டலம் பிரமாதமாக இருந்தது. ஓசூருக்கு வந்த பிறகு நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான். இனி அந்தக் கடைக்குள் எந்த முகத்தோடு போவேன்?

ஆனால் புளித்த மோரும் சாம்பாரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீ என் தோளை இடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. போனவர்களை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகை, சந்தனம் என்று ஏதேதோ வாய்க்கிறது. உனக்கு வாய்த்தது இலைத் தொட்டி. கோபித்துக்கொள்ளாதே.

நான் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது கணவரும் மகனும் அங்கேயே இருந்துவிட்டார்கள். சங்கரன்கோவிலில் நான், ஒரு வாடகை வீடு, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், என் சமையல். என் ரசத்தைக் குடித்துப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "இது எதுக்கு மருந்து?" என்று அக்கறையாகக் கேட்டார். அன்றோடு அடுப்பை மூடினேன்.

நல்ல ஹோட்டல் எது என்று கவுண்டருக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் பிரியாணி என்றார்கள். குருவிகுளத்திலிருந்து நகைக்கடனுக்கு வந்த பெரியவர் வந்த காரியத்தை மறந்து கறி வெந்த பதத்தைக் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினார். பிரியாணியில் குறையே இல்லை. ஆனால் தினமும் மத்தியானம் அதைத் தின்றுவிட்டுப் பணம் எண்ண உட்கார்ந்தால் நூறும் ஐந்நூறும் ஒரே நிறமாகத் தெரிகிறது. எனக்கு வேண்டியது சோறு, ஒரு குழம்பு, ஒரு காய். கடைசியில் போனில் நட்சத்திரம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த கவுண்டரிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"நட்சத்திரம் பாத்துச் சோறு திங்க, நீ என்ன சோசியக்காரியா?"

"வேற எப்படீங்க கண்டுபிடிக்கறது?" என்றேன்.

"ஏட்டி, என்னை நீங்க வாங்கன்னு சொல்லாத. எனக்குப் பின்னால பெரிய ஆளு யாரும் நிக்காங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாக்கேன்."

மூன்று வாரத்தில் என் வயிறு தீச்சட்டி ஆகிவிட்டது. மாசக் கடைசிக்குள் ஒழுங்கான மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லையென்றால் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவேன் என்று உன்னிடம் சொன்னேன்.

"சோத்துக்காவாட்டி ஊரை விட்டுப் போறே?"

"வேற எதுக்குங்க ஒரு ஊர்ல இருக்கறது?"

நீ சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற உன் முகம் அன்று அப்படியே நின்றது. ஏன் என்று எனக்குப் புரிந்தது. உன் வீட்டுக்காரர் வளைகுடாவில், மகன் விடுதியில். ஒரு ஆளுக்கு உலை வைக்கச் சோம்பல் என்று தினமும் பார்சல் வாங்கிவந்து, ரெக்கார்டு ரூமில் இரும்பு பீரோவைப் பார்த்தபடி சாப்பிடுவாய். ஒற்றைப் பெண்ணாக ஹோட்டலுக்குப் போனால் 'ஃபேமிலி ரூம்' என்ற காற்றில்லாத பொந்துக்குள் தள்ளித் திரையை இழுத்துவிடுவார்கள். அதற்குப் பீரோவே மேல் என்பாய். நான் வந்தபிறகுதான் நாம் இரண்டுபேராக வெளியே போனோம்.

"நீ போயிட்டன்னா நான் மறுபடியும் பீரோகூடத்தான் பந்தியில உக்காரணும்" என்றாய். சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாய். "வா. கடை முன்னால எழுதியிருக்கதெல்லாம் பொய்ட்டி. பின்னால போயிப் பாப்போம்."

அப்படித் தொடங்கியது நம் ஆராய்ச்சி. முதலில் ஏசி ஹோட்டல். பின்பக்கம் தொட்டியில் இலைக்கு இலை பீட்ரூட் பொரியல், வைத்த குவியல் கலையாமல் கிடந்தது. "ஒருத்தனும் விரலால தொடலை பாரு. உள்ள போனா நாமளும் இதைத்தான் செய்வோம்" என்று நடையைக் கட்டினாய்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம். நீ குச்சியால் இலையைக் கிளறிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா தேடுதிய?"

"கம்மல் திருகாணி விழுந்துட்டு அண்ணாச்சி" என்றாய், கண் இமைக்காமல்.

நல்ல மனிதர். பதறிப்போய் இரண்டு சப்ளையர்களைக் கூப்பிட்டுத் தொட்டியையே தரையில் கவிழ்த்தார். ஊர் எச்சில் முழுக்க அவர்கள் தேட, நாம் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, "அந்த அப்பளத்துக்கு அடியில பாருங்க" என்று மேற்பார்வை செய்தோம். இதில் அநியாயம் என்னவென்றால், ஒரு பையன் நிஜமாகவே ஒரு திருகாணியைக் கண்டெடுத்தான்! நீ முகம் மாறாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாய். மறுநாள் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்றாய். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

மாசக் கடைசி நெருங்கியபோது பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கடையைக் கண்டுபிடித்தாய். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆபீசிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். சந்து முனையிலேயே தொட்டி. வாழை இலைகூட இல்லை, பச்சைப் பேப்பர் இலைதான். ஆனால் ஒரு பருக்கை இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. இலையில் அச்சடித்திருந்த நரம்பு வரை பளிச்சென்று தெரிந்தது.

"நக்கி வச்சிருக்கானுவட்டி!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாய்.

உள்ளே போனதும் சப்ளையர், "அக்கா, உள்ள ஃபேமிலி ரூம் இருக்கு" என்றார்.

"ஃபேமிலிய எல்லாம் வீட்ல விட்டுட்டுத்தான் வந்திருக்கோம். இங்கனயே இலையப் போடும்" என்று தெருவைப் பார்த்த மேசையில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தாய்.

முதல் வாயிலேயே சாம்பாரில் உப்புக் கூடுதலாகத் தெரிந்தது. கூட்டு கொஞ்சம் தண்ணீர். ஆனால் வெளியே அத்தனை இலைகள் சாட்சி சொல்லும்போது என் ஒரு நாக்கு எம்மாத்திரம்? கொங்கு நாக்குக்கு நெல்லைப் பக்குவம் பிடிபடவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கினேன். "எப்படி?" என்று நீ என் முகத்தையே பார்த்தாய். "அருமையா இருக்குதுங்க" என்றேன். மாற்றல் கேட்கவில்லை. ஒரு வருடம் என்று வந்தவள் ஏழு வருடம் இருந்தேன்.

ஏழு வருடமும் அதே மேசை. மேனேஜர் முதல் உன் நாத்தனார் வரை நாம் புறணி பேசாத ஆள் கிடையாது. சாப்பாட்டோடு வைக்கும் வாழைப்பழத்தை நீ மட்டும் உரிக்கவே மாட்டாய். கை கழுவும்போது, "பின்னால ஒருத்திக்குக் குடுத்துட்டு வாரேன்" என்று போவாய். பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு என்று நினைத்துக்கொள்வேன். இரக்கக்காரி என்று கோயம்புத்தூருக்குப் போனில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு பதவி உயர்வு என்ற பெயரில் என்னை ஓசூருக்குத் தூக்கிப் போட்டார்கள். நீ பஸ் ஏற்றிவிட வந்தாய். "அங்கயும் பின்னால போயிப் பாரு" என்றாய். அவ்வளவுதான். அடுத்த முறை நான் சங்கரன்கோவிலில் இறங்கியபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

போன வாரம் உன் வருஷத் திவசம். முடிந்ததும் கால் தானாகப் பூ மார்க்கெட்டுக்குப் போனது. பழக்கதோஷம், தொட்டியை எட்டிப் பார்த்தேன். திடுக்கிட்டேன். இலைக்கு இலை சோறு, கூட்டு, பொரியல், அப்பளம், எல்லாம் மலைபோல. நீ போனதும் கடையும் போய்விட்டதா?

உள்ளே போய் அதே மேசையில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்தேன், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. சாம்பாரில் அதே கூடுதல் உப்பு. அதே தண்ணீர்க் கூட்டு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், உப்பு எதனால் கூடியது என்று கேட்காதே. கல்லாவில் முதலாளியின் மனைவி என்னை அடையாளம் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டேன், "அந்தக் காலத்துல உங்க கடையில ஒரு பருக்கை மிஞ்சாதுங்களே. கைப்பக்குவம் மாறிருச்சுங்களா?"

"அதே கைதான் அக்கா. மாட்டத்தான் வித்துட்டோம்."

"மாடா?"

"லச்சுமி. மிச்சத்தைப் பூரா வழிச்சு அதுக்குக் கழனித் தண்ணியில போட்டுட்டு, வெறும் பேப்பரைத்தான் தொட்டியில போடுவோம். ஒங்களுக்குத் தெரியாதா? அந்த அக்கா தெனமும் அதுக்குப் பழம் குடுத்துட்டு, நாங்க வழிச்சுப் போடுததப் பாத்துக்கிட்டுத்தான நிக்கும்."

ராயகிரியில் மாட்டோடு மாடாக வளர்ந்தவள் நீ. தனியாக வந்து பார்த்த அன்றே அந்த மாடு உன் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

ஓசூரில் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். முதலில் பக்கத்தில் மாடு கட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை, பிறகுதான் தொட்டி. அந்தப் பொட்டலம் கொடுத்த பெண்ணிடமும் போய் உண்மையைச் சொல்லி உள்ளே உட்காரப்போகிறேன், தெருவைப் பார்த்த மேசையில்.

லட்சுமியை வாங்கிப்போன பனவடலிசத்திரத்துக்காரர் பேரமே பேசவில்லையாம். பூ மார்க்கெட் பக்கத்திலேயே கொழுத்த மாடு அதுதானாம்.