வரிசையில் நிற்காதீர்கள்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அமெரிக்காவில் முப்பதுகளின் பொருளாதாரப் பெருமந்தம். போட்ட பணத்தை எடுக்க வங்கி வாசல்களில் கூட்டம் முண்டியடித்த கதை. பாதி வகுப்பு தூங்கி வழிந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "அவங்க எல்லாரும் பேசாம வீட்லயே இருந்திருந்தா அந்த பேங்க் பிழைச்சிருக்குமா மேடம்?"

பிழைத்திருக்கும் என்றேன். எந்த வங்கியும் நாம் போட்ட பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியும் விழும். இவ்வளவு சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சம் அடுத்த வாரம்.

மார்ச் 9, திங்கள்

நம் ஊர் சேமிப்பு வங்கி வாசலிலும் வரிசை. பாடப் புத்தகத்தில் இருக்கும் அதே படம்.

மார்ச் 10

தம்பி வந்தான். அந்த வங்கியில் அவன்தான் கிளை மேலாளர். நின்றபடியே தண்ணீர் குடித்தான். அங்கே கடன் வாங்கிய கட்டுமானக் கம்பெனி ஒன்று வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டதாம். வங்கி முழுகப் போகிறது என்ற வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கிறது.

"அக்கா, நீ ரேடியோல ரெண்டு வார்த்தை பேசேன். இந்த ஊர்ல பாதிப் பேரு உன்கிட்ட படிச்சவங்க. நீ சொன்னா கேப்பாங்க."

"கொடுத்த கடன் திரும்பி வருமாடா?"

"வரும்னுதான் தலைமை ஆபீஸ்ல சொல்றாங்க. என் பணமும் அங்கதானே கிடக்கு."

அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இப்போது பொய் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 11

பேசினேன். முப்பதுகளில் வங்கிகளைக் கொன்றது பயம்தான், அந்தத் தப்பை நாமும் செய்ய வேண்டாம், வரிசையில் நிற்காதீர்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் கூட்டம் கரைந்துவிட்டது.

எங்கள் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்கார அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கணவரின் இடுப்பு ஆபரேஷனுக்கு அந்த வங்கியில்தான் சேர்த்து வைத்திருக்கிறார்.

"எனக்கு முன்னாடி நாலு பேர்தான் டீச்சர். யாரோ போன்ல உங்க பேச்சைப் போட்டாங்க. நீங்களே சொல்றீங்களேன்னு திரும்பி வந்துட்டேன்."

பெருமையாக இருந்தது. படித்ததெல்லாம் ஒரு நாளாவது உதவியதே என்று.

மார்ச் 12

என் கணவர் நேற்றுக் காலையிலேயே எங்கள் பணத்தை எடுத்துவிட்டார். நான் ரேடியோ நிலையத்துக்குக் கிளம்பியதும் நேராக வங்கிக்குப் போயிருக்கிறார். தன் ஹார்டுவேர் கடை சாவிக்கொத்தைச் சுழற்றியபடி, ஏதோ ஆணி வாங்கி வந்ததுபோலச் சொல்கிறார்.

"திருப்பிப் போட்டுட்டு வாங்க. ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு நாம ஒண்ணு செய்யறதா?"

"நீ ரேடியோல பேசு. வீட்டை நான் பாத்துக்கறேன்."

கத்தினேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். சரி, நான் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கலாமே? பீரோ சாவி என்னிடமும் இருக்கிறதே? முதலில் எடுப்பவன் எடுப்பது கடைசியில் நிற்பவனின் பணம். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். பீரோவைத் திறக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

மூடிவிட்டார்கள். கதவில் ஒரு அறிவிப்பு. போட்ட பணத்தில் சிறு பகுதிக்கு மட்டும்தான் அரசு உத்தரவாதம், அதுவும் எப்போது கைக்கு வருமோ.

மார்ச் 17

வங்கி கொடுத்த கடனில் பெரும்பகுதி அந்த ஒரே கட்டுமானக் கம்பெனிக்கு. அதன் முதலாளி வங்கி நிர்வாகக் குழுவில் இருந்தவர். வருஷக்கணக்காக வட்டியே வரவில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து மூடி மறைத்திருக்கிறார்கள்.

முப்பதுகளில் விழுந்த வங்கிகள் இரண்டு வகை. பயம் கொன்றவை ஒன்று. உள்ளே ஏற்கெனவே அழுகிப்போய், கூட்டம் வந்ததால் வெளியே தெரிந்தவை இன்னொன்று. மணி அடித்ததால் வகுப்பில் சொல்லாமல் விட்ட மிச்சம் அதுதான். ஆனால் ரேடியோவில் மணி அடிக்கவில்லையே. நானாகத்தானே விட்டேன்? எது எந்த வகை என்று தெரியாமல் பேச எனக்கு என்ன வேலை? தம்பி சொன்னானாம், நான் நம்பினேனாம். அவனிடம் யார் சொன்னது? அதற்கு மேல் கேட்கத் தோணலையே எனக்கு — படிச்சு என்ன கிழிச்சேன்.

தம்பியின் சேமிப்பும் அதோடு போய்விட்டது.

மார்ச் 19

தையல்கார அக்கா கேட்டார்: "உங்க பணமும் மாட்டிக்கிச்சா டீச்சர்?"

"இல்லக்கா. முன்னாடியே எடுத்துட்டோம்."

வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "நல்லதாப் போச்சு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 22

ஆபரேஷன் செலவை நாம் கொடுப்போம் என்றேன். இவர் கடைக் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"இவங்களுக்குக் குடுத்துடுவோம். ரேடியோ கேட்ட மத்தவங்களுக்கு?"

அவரே பீரோவைத் திறந்தார்.

ஏப்ரல் 14

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மே 30

கீழ்ப் போர்ஷன் காலி. அக்கா சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 6

அந்தப் போர்ஷனில் இப்போது தம்பி குடும்பம். அவனுக்கு இவர் கடையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்: பின்பக்கக் கிடங்கில் பெயின்ட் டப்பா அடுக்குவது, குழாய் அறுப்பது.

இன்று சாப்பிடும்போது இவர் சொன்னார்: "நாளையிலேர்ந்து முன்னாடி கல்லாவுல உக்காருடா. கணக்கெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வேண்டாம் மாமா. கடைக்கு வர்றவங்க பாப்பாங்க. நான் உள்ளயே இருக்கேன்."