அத்தையும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை

உங்களுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதனால்தான்.

நீங்கள் என்னை விட்டுவிட்டு அவளோடு தனிக்குடித்தனம் போன வாரமே அத்தையும் மாமாவும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்றுமுதல் நான்தான் தூது. "டீ ஆறுதுன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லும்மா." "சர்க்கரை போட்டாளான்னு கேட்டுச் சொல்லும்மா." ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு! வாயைத் திறக்கவே பிடிக்காமல் கிடந்தவள், நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசினேன்.

இன்று கரண்ட் போனதால் தையல் கம்பெனியில் மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவில் கை வைத்தால் உள்ளே சிரிப்பு. இருவரும் பட்டாணி உரித்தபடி குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

"இன்னும் எத்தனை நாளுடி இந்தக் கூத்து?" என்றார் மாமா.

"நாம பேசிக்கிட்டா அவ மறுபடியும் ஊமையாயிடுவா. பொறுங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு செருப்பைச் சத்தமாக உதறினேன். உள்ளே கப்சிப். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பட்டாணி போதுமான்னு அந்த மனுஷன்கிட்ட கேளும்மா" என்றார். கேட்டேன்.

நீங்கள் கேட்ட விவாகரத்துக்குச் சம்மதம். இந்த வீட்டைவிட்டு மட்டும் போக மாட்டேன். என்னை நம்பி இங்கே இரண்டு பேர் பேசாமல் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா அப்பாவின் மருமகள்