பன்னிரண்டு மணி நிழல்

காஜா பெராங், மலாக்கா

சௌபாக்கியவதி பாக்கியலட்சுமிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு பல் ஆடுகிறது, மற்றபடி சுகம்தான்.

நேற்று வகுப்பில் நிழல் பாடம். உச்சிப்பொழுதில் நிழல் காலடியில் சுருங்கும், யார் சொன்னாலும் நம்பாமல் நீங்களே போய்ப் பாருங்கள் என்றேன். ஜப்பான்காரனுக்குக் குழையும், பள்ளிகளைச் சோதிக்கும் நம் தமிழ் இன்ஸ்பெக்டர் அப்போது உள்ளே வந்தார். ஜப்பான்காரன் உத்தரவுப்படி தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைத்த சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "மணி பன்னெண்டு. இதான் உச்சி!" என்றார். பூங்காவனம் என்ற சின்னப் பெண் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க சார், நிழலு நீளமா கெடக்கு. கடியாரம்தான் தப்பு" என்றாள்.

அறை எனக்கு விழுந்தது. அது போகட்டும். "இனிமே கேள்வியே கேக்கக்கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க வாத்தியாரே" என்று தலைமையாசிரியர் சொன்னாரே, அதில்தான் வயிறு எரிகிறது. தலையாட்டப் பழக்குவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? வேலை போனால் அரிசியும் போகும். இன்று காலை சொல்லித் தொலைத்தேன்.

கொஞ்சம் கிராம்பு அனுப்பு, கூடவே உன் கையால் நாலு வரியும். இதைக் கொண்டுவரும் உமர் லோரியைக் கிளப்பிவிட்டார்.

சொல்ல மறந்தேனே. நான் சொல்லி முடித்ததும் பூங்காவனம் எழுந்து நின்றாள்.

"ஏன் சார்?"

பொன்னுதுரை