ஒரு விரல் லூஸ்

மார்ச் 4, செவ்வாய்

குதிக்கச் சொல்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில்!

மார்புப் புற்று ஆபரேஷனில் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இடது கையில் நீர் வடிய வழியில்லாமல் வீங்கிக் கிடக்கிறது. தெரபிஸ்ட் சின்னப் பெண். பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த, ஏறி நின்று துள்ளுகிற வட்டத் தட்டு, குட்டி டிராம்போலின் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். "பாதம் மேல எழும்பவே கூடாதுக்கா. சும்மா மெல்ல ஆடணும், மூச்சை நல்லா இழுத்து விடணும். கையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட்டுக்கிட்டுதான்."

முழங்கைக்கு மேலே பேனாவால் புள்ளி வைத்துக் கையின் சுற்றளவை அளந்தாள். 34 சென்டிமீட்டர். மூன்று வாரத்தில் குறைந்தால் அரை நாள் வேலைக்குப் போகலாம். ஏறினால் தினமும் போய்க் கட்டுப் போட வேண்டும், தையல் மிஷின் பக்கமே தலைவைக்கக் கூடாது. கடையில் என் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். முதலாளியம்மா மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்.

மார்ச் 5

இவர் அதற்குத் தவளைத் தட்டு என்று பேர் வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் ஆடினேன்.

மார்ச் 8

கை லேசான மாதிரி இருக்கிறது. மனப்பிராந்தியோ என்னவோ.

மார்ச் 11, செவ்வாய்

வாரம் ஒரு தடவை வீட்டிலேயே அளக்கச் சொல்லியிருந்தாள். எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? இருபத்தாறு வருஷமாக டேப் என் கழுத்தில்தான் தொங்குகிறது.

35.5.

மறுபடி எடுத்தேன். 35.5. மூன்றாம் தடவையும் அதேதான். ஆடினதே தப்போ? கையை நானே கெடுத்துக்கிட்டேனா?

"எவ்வளவு இருக்கு?" என்றார் இவர். "குறைஞ்சிருக்கு" என்றேன், வாய் கூசாமல்.

மார்ச் 13

மெல்ல ஆடினால் போதவில்லை போலிருக்கிறது. இன்று நிஜமாகவே குதித்தேன். கம்பியை விட்டுவிட்டு, பதினைந்து நிமிடம். சாயங்காலம் தோள்பட்டை விண் விண்ணென்று தெறித்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார். அவர் போன பிறகு இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்ல ஆடத்தானே சொன்னாங்க? யாரைப் போட்டு மிதிக்கிற?"



மார்ச் 18, செவ்வாய்

35. இரண்டு வாரம் ஆகியும் 34-க்குத் திரும்பவில்லை.

போதும். நோய் போச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, எனக்கு மட்டும் இந்தக் கை மிச்சம். முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, "என் மிஷினை வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார். ஆமாம் என்றேன். வைத்த பிறகு அடக்க முடியாமல் அழுதேன். தட்டைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன்.

மார்ச் 19

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20

காலையில் பார்த்தால் தட்டு மறுபடி நடுவீட்டில் கிடக்கிறது. இவர் வேலை. ஏறி நின்றேன். பாதம் எழும்பாமல் ஐந்து நிமிடம்.

மார்ச் 25, செவ்வாய்

தெரபிஸ்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே அவள் அளந்தாள். 33.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். டேப்பைப் பிடுங்கி நானே அளந்தேன். 34.8!

"அக்கா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். என் ஆள்காட்டி விரல் டேப்புக்கு உள்ளே இருந்தது. சட்டைக் கைக்கு அளவெடுக்கும்போது லூஸ் விடுவதற்காக நுழைக்கிற விரல். பழக்கத்தில் தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறது. வீக்கத்துக்குப் போய் லூஸ் விட்டு அளந்திருக்கிறேன்!

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினைத் தாரைவார்த்துவிட்டு வந்து நிற்கிறேனே. குதித்ததற்கு வேறு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கை கெட்டுப்போகாம தப்பிச்சது உங்க நல்ல நேரம். இனிமே பாதம் எழும்பினா தட்டைத் திருப்பி வாங்கிக்குவேன்."

மார்ச் 26

கடைக்குப் போனேன். ஜன்னலோரம் என் மிஷினில் ஒரு புதுப் பெண். துணியைத் தள்ளும் கை பழகிய கையாகத்தான் இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

"நீதானே வேணாம்னு சொன்ன?" என்றார் முதலாளியம்மா.

"அளவு தப்பா எடுத்துட்டேன்மா."

"நீயா?"

அந்த ஒரு வார்த்தையில் கூனிக்குறுகிப் போனேன். அவர் நெடுநேரம் என் கையைப் பார்த்தார். "பின்கட்டுல பழைய மிஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. எண்ணெய் விட்டு ஓட்டிப் பாரு. அரை நாள்தான்."

ஏப்ரல் 8, செவ்வாய்

பின்கட்டில் வெளிச்சம் குறைவு, மிஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது. இன்று வேலை முடிந்ததும் எனக்கே ஒரு சட்டை வெட்டினேன். வீங்கின கை என் துணி எதிலும் நுழையாமல் எட்டு மாதமாக இவர் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

வலது கை 28. இடது கை 32.5, விரலை வெளியே வைத்து எடுத்தது. சட்டையின் இரண்டு கைகளையும் துணியில் தனித்தனியாக வரைந்தேன். வெட்டும்போது லூஸ் மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவு விட்டேன், ஒரு விரல்.