முன்னாடி பட்டன்

ஏங்க,

கடையில் அவசரத் தையல் இருக்கிறது, கிளம்புகிறேன். சாப்பாட்டை அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். டேங்க் கழுவப் பத்து மணிக்கு ஆள் வரும்; மொட்டைமாடிச் சாவி தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது.

டெலஸ்கோப்பைத் தொட்டுவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருகில் கை பட்டாலே நிலா குலுங்குகிறது என்றுதானே, கண் வைக்கும் குழாயை நகர்த்த மோட்டார் பொருத்தினோம்? நேற்று நீங்கள் கண்ணை வைத்துக்கொண்டு "முன்னாடி, முன்னாடி" என்றீர்கள். நானும் 'முன்னாடி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பட்டனைத்தான் அழுத்தினேன். உங்களுக்கு முன்னாடி என்றால் வானத்துப் பக்கம். எதிரில் நின்று ஸ்டிக்கர் ஒட்டிய எனக்கு உங்கள் மூக்குப் பக்கம். நீங்கள் கத்தக் கத்த நான் அழுத்த, குழாய் உங்கள் மூக்குக்கண்ணாடியில் இடித்து, மோட்டார் பெல்ட்டும் அறுந்தது. "ஒரு பட்டன் அழுத்தத் தெரியல, தள்ளிப் போ" என்றீர்கள். அது இன்னும் உறுத்துகிறது.

பெல்ட்டுக்குப் பதில் பாவாடை எலாஸ்டிக்கைத் தைத்து மாட்டியிருக்கிறேன். வழுக்கவில்லை, உங்கள் பெல்ட்டைவிடச் சத்தமும் குறைவு.

இன்னொன்று. பழைய ஸ்டிக்கர் இரண்டையும் கிழித்துவிட்டேன். குழாய் உங்கள் பக்கம் வர 'கிட்ட வா', அந்தப் பக்கம் போக 'தள்ளிப் போ' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டாவதை நேற்றே சொல்லிவிட்டீர்கள். சாயங்காலம் நான் வந்ததும் முதலாவதைச் சொல்லிப் பாருங்கள்.

மோட்டாரிடம்தான்.